பேரப்பிள்ளைகள் புலம்பல்

சென்ற மாசி மாதத்தின் பிற்பகுதியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதிலே, டோர்செட் பார்க்கிலுள்ள தொடர்மாடி ஒன்றிலிருந்து எமக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நெடுநாட் பழக்கமுள்ள ஒரு குடும்பத்தின் மூத்த மகள். "ரீச்சர், அப்பா மோசம் போயிட்டார்" என்று சொல்லிச் சிறிது நேரம் அழுதார். பின்னர், நாம் எதிர்பார்த்திருந்த அடுத்த வாக்கியமும் வந்தது. "கல்வெட்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும்."

எமது ஊர் வழக்கத்தை அறியாத இளையோருக்காக இதனை ஒரு வரியிலே சொல்லிவிடுகின்றோம். கல்வெட்டு என்பது கல்லிலே வெட்டுவது அன்று. இறந்தவரின் அந்தியேட்டியின்போது, முப்பத்தோராம் நாளிலே, உறவினர்க்கு வழங்கப்படும் நினைவுப் புத்தகம் அது. முதலில் படம், பின்னர் திதி வெண்பா, அதன்பின் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், இறுதியாகப் பேரப்பிள்ளைகள் புலம்பல். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒரு புலவர் இதற்கென்றே இருந்தார். ரொறன்ரோவில் அந்தப் பொறுப்பு, தமிழ் படித்தவர்கள் என்று நாலு பேர் நம்புகின்ற எம்மைப் போன்ற முன்னாள் ஆசிரியர்களின் தலையில் விழுந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் இதுவரை எழுதிக் கொடுத்த கல்வெட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றிலே வாழ்க்கை வரலாறு ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. திதி வெண்பாவும் நாளும் பட்சமும் மாறுவதனால் வேறு வேறு. ஆனால் பேரப்பிள்ளைகள் புலம்பல் மட்டும் பெரும்பாலும் ஒன்றே. பெயர்களை மாற்றுவோம், எதுகை இடித்தால் ஓரிரு சீர்களை மாற்றுவோம். கனியென்றும் தேனென்றும் மணியென்றும் தாத்தாவை அழைத்து, எங்களை விட்டு எங்கே சென்றீர் என்று கேட்டு முடித்துவிடுவோம். அதனை ஒரு குழந்தைதானும் வாசித்து நாம் கண்டதில்லை. வாசித்தாலும் விளங்கியிருக்காது. பிள்ளைகளின் பெயரால் பெரியவர்கள் பெரியவர்களுக்காக எழுதிய பாட்டு அது.

இம்முறை அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

காலமான பெரியவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலே எழுதுவினைஞராக இருந்தவர். 1990 இல் போர் அங்கே வந்து தொழிற்சாலையின் இயக்கம் நின்றபோது அவரது வேலையும் வீடும் ஒன்றாகவே போயின. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானவர்களுள் ஒருவராக மானிப்பாய், நவாலிப் பக்கங்களில் உறவினர் வீடுகளிலே ஐந்து ஆண்டுகள் இருந்தார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் கிளம்பியபோது அவரும் கிளம்பினார். தென்மராட்சி, வன்னி, கொழும்பு என்று நீண்டு, 2001 இல் பிள்ளைகளின் பொறுப்பனுசரணையிலே கனடா வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த நிலையிலும் சில ஆண்டுகள் இரவுக் காவலாளியாக வேலை செய்தார். நீலச் சட்டை, தோளிலே ஓர் அடையாளப் பட்டி, கையிலே மின்சூள். விடியற் காலையிலே கென்னடி வீதியில் பேருந்தைவிட்டு இறங்கி நடந்து வருவார்.

அவருக்குப் பேரப்பிள்ளைகள் ஐவர். அவர்களுள் கடைக்குட்டிக்கு இப்போது பதினைந்து வயது. தாயும் தந்தையும் வேலைக்குப் போக, இந்தப் பையனை வளர்த்தவர் தாத்தாவே.

இறுதிக் கிரியைகள் நடந்த அன்று, பேசவிரும்புவோர் பேசலாம் என்று அறிவித்தார்கள். மூத்த பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் அழகாகப் பேசினார்கள். கடைசியாக இந்தப் பையன் எழுந்து வந்தான். கையிலே தாள் இல்லை. மண்டபத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு, ஆடிப்பிறப்புப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினான். ஆடிக் கூழையும் கொழுக்கட்டையையும் நினைத்துப் பிள்ளைகள் ஆனந்தப்படுகின்ற பாட்டு! மண்டபத்திலே சிறு சலசலப்பு எழுந்தது. எமக்குப் பின்னாலிருந்த அம்மையார் ஒருவர், "செத்த வீட்டிலை பாடுற பாட்டே இது?" என்று காதுபடவே கேட்டார். பையனின் தாயார் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் பையன் தன் இடத்தில் வந்து இருந்தான், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டைத் தந்தவர் யார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவரும் ஒரு தாத்தாதான். எமது மக்கள் அவரைத் தங்கத் தாத்தா என்றே அழைத்தார்கள்.

நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் 1878 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள் மானிப்பாயை அடுத்துள்ள நவாலியிலே பிறந்தார். வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியிலே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்தார். நவாலியிலிருந்து வட்டுக்கோட்டை சில மைல் தூரம். அப்பாதையின் இருமருங்கிலும் வயலும் பனையும் தோட்டமும் இருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு அவரது பாடல்களின் பொருள் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அவர் பாடிய செய்யுள்கள் பதினையாயிரத்தை அண்டியன என்பர். அவற்றிற் பெரும்பகுதி கோயிற் பிரபந்தங்கள். தம் ஊர் முருகன்மீது அட்டகிரிக் கலம்பகம் பாடினார், கதிர்காமத்தான்மீது கதிரைச் சிலேடை வெண்பா பாடினார், பனையின்மீது தாலவிலாசம் பாடினார். பனைக்குத் தனியே ஒரு நூல் பாடும் மனம் யாழ்ப்பாணத்தவருக்கு வராமல் வேறு யாருக்கு வரும்! புலவரின் மைந்தர் இளமுருகனாரும் பெரும் புலவராக விளங்கினார். ஈழத்துச் சிதம்பர புராணம் பாடியவர் அவரே.

எனினும் மக்கள் நெஞ்சிலே புலவரை இருத்தியவை கலம்பகமும் சிலேடை வெண்பாவும் அல்ல. சிறுபிள்ளைகளுக்காக அவர் பாடிய சில பாடல்களே. பிள்ளைகளுக்கென்று தனியாகப் பாட்டு வேண்டும் என்ற எண்ணம் 1930 களிலே யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடையே வலுப்பெற்றது. வித்தியாதரிசி க. ச. அருணந்தி அவர்கள் இதற்குப் பெரிதும் முயன்றார். 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதி 1935 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலே புலவருக்கு அகவை ஐம்பத்தேழு. ஏறத்தாழ எமது வயதுதான். அந்த வயதில், இலக்கணச் சுத்தமாக வெண்பாவும் அந்தாதியும் பாடிப் பழகிய கை, கத்தரித் தோட்டத்திலே நிற்கும் வெருளியைப் பார்த்து ஒரு குழந்தை என்ன நினைக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கின்றது. அந்தக் கல்வெட்டுகளை எழுதிய எமக்கு இதனை நினைக்கும்போது சிறிது வெட்கமாகவே இருக்கின்றது.

வெருளிப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே உபதேசம் முன்னுக்கு வருவதில்லை. கூலி வாங்காமல், கண் இமைக்காமல், இரவும் பகலும் நிற்கின்ற ஒரு காவற்காரனைக் குழந்தை வியந்து பார்க்கின்றது. பவளக்கொடி பாட்டிலே பால் விற்கப் போகும் பெண் மனக்கோட்டை கட்டிக்கட்டிக் கடைசியில் பாற்குடத்தைச் சிந்திவிடுகின்றாள். கேட்கின்ற பிள்ளை முதலிலே சிரிக்கின்றது. ஆடிப்பிறப்பிலோ நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதே முதல் ஆனந்தம். அடுத்து அடுக்களைக்குள் புகுந்துவிடுகின்றார் புலவர். பயற்றை வறுத்துக் குத்துவது, பச்சரிசியை இடித்துத் தெள்ளுவது, மாவைப் பதமாக வறுப்பது, தேங்காய் துருவுவது, அதனுடன் வேலூரிலிருந்து வந்த சர்க்கரையைக் கலப்பது, கொழுக்கட்டை பிடிப்பது, தேங்காய்ப் பாலிலே பனங்கட்டியைப் போட்டு மாவுருண்டையும் பயறும் இட்டுத் துழாவுவது என்று ஒரு தாயின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கண் அந்தப் பாட்டு முழுவதும் இருக்கின்றது. ஈற்றிலே பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து கோலிப் பிடிக்க, அன்னை அகப்பையால் அள்ளி வார்க்கின்றாள்.

இவற்றை எமக்குச் சொல்லித் தந்தவர் பள்ளி ஆசிரியர் அல்லர், எமது அம்மப்பா. சாய்மனைக் கதிரையில் அவர் கிடக்க, நாம் கதிரையின் கைப்பிடியில் ஏறி இருப்போம். புலவர் பாடியதை அம்மப்பா பாடினாரா, அம்மப்பா பாடியதைத்தான் புலவர் எழுதிவைத்தாரா என்ற மயக்கம் எமக்கு நெடுநாள் இருந்தது. பிற்காலத்தில் பாடப் புத்தகத்திலே புலவரின் பெயரைக் கண்டபோது, யாரோ எங்கள் வீட்டுச் சொத்தை எடுத்து அச்சிட்டுவிட்டதாகக் கோபம் வந்ததும் நினைவிருக்கின்றது.

புலவர் 1953 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10 ஆம் நாள் மறைந்தார். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. அவரது சிறுவர் பாடல்கள் 'சிறுவர் செந்தமிழ்' என்னும் நூலாக 1955 இலே, அவர் மறைந்த பின்னரே, வந்தன.

நவாலி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் எம்மவருக்கு இன்னொரு ஜூலையும் நினைவுக்கு வராமல் போகாது. 1995 ஜூலை 9 ஆம் நாள். 'முன்னேறிப் பாய்தல்' என்று பெயரிட்டு இராணுவம் வலிகாமத்தினுள் புகுந்த முதல் நாள். ஓடிவந்த சனங்கள் நவாலிச் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் அயலிலும் தங்கி இளைப்பாறினார்கள். மாலையிலே விமானம் குண்டுகளை வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். அவர்களிலே பேரன்மாரும் பேத்திமாரும் இருந்தார்கள், அவர்கள் கையிற் பிடித்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாள் புலவரின் நினைவு நாள். எட்டாம் நாள் ஆடிப்பிறப்பு. அவ்வாண்டு அந்த ஊரிலே யார் வீட்டில் அடுப்பிலே கூழ்ப்பானை ஏறியிருக்கும்?

எமது பெரியவர் அந்த வாரம் நவாலியிலே இருந்தார். காயக்காரரைத் தூக்கி வண்டிகளில் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மகள் சொல்லித்தான் நாம் அறிந்தோம். அவர் வாயால் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. பேரப்பிள்ளைக்கும் சொல்லவில்லை. அவனுக்கு அவர் நவாலியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது பாட்டை மட்டுமே.

எப்படிக் கொடுத்தார் என்பதைப் பையனே எமக்குச் சொன்னான். எல்ஸ்மியர் நிலையத்தில் ஏறி மக்கோவன் வரைக்கும், அங்கிருந்து திரும்பக் கென்னடி வரைக்கும் அந்தச் சிறிய ரயிலிலே இருவரும் போய் வருவார்களாம். வெளியே குளிர், வீட்டிலே சத்தம் போட்டால் அயலவர் முறைப்பாடு. ரயிலோ வெதுவெதுப்பாக இருந்தது. 2015 முதல் பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடையில் ஒரு சொல். 'தெள்ளுதல்' என்றால் என்ன, 'தோண்டி' என்றால் என்ன, 'கோலி' என்றால் என்ன. 'விடுதலை' என்ற சொல்லிலே மட்டும் பல நாட்கள் நின்றார்களாம். பையனுக்கு அது வேறு பொருளிலே தெரிந்திருந்தது. மாவீரர் நாள் மேடைகளிலே கேட்ட சொல் அல்லவா. புலவர் காலத்து யாழ்ப்பாணத்திலே விடுதலை என்றால் பள்ளிக்கூட விடுமுறை. "அப்ப தாத்தா, பள்ளிக்கூடம் இல்லாட்டிலும் விடுதலையோ?" என்று கேட்டானாம். "அதுதானடா முதல் விடுதலை" என்றாராம் அவர். அந்த ரயிற் பாதை 2023 ஜூலை 24 ஆம் நாள் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு ஒரேயடியாக மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன்னரே பாட்டு முழுவதும் பாடமாகிவிட்டது என்று பையன் சொன்னான்.

வேறொரு சொல்லிலும் இருவருக்கும் வழக்கு இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே 'பேரன்' என்றால் பிள்ளையின் பிள்ளை என்று படிப்பித்திருக்கின்றார்கள். ஆகவே தானே பேரன் என்றான் பையன். பெரியவரோ எமது ஊர் வழக்கப்படி, "நான்தான் பேரன், நீ பேரப்பிள்ளை" என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அகராதியைப் பார்த்தால் இருவருமே வென்றவர்கள்.

தொடர்மாடியின் பல்கனியிலே அவர் நாலு வாளிகளில் மண் போட்டுக் கத்தரி நட்டிருந்தார். புறாக்கள் வந்து கிளறின. ஒரு நாள் தும்புத்தடி ஒன்றை நட்டு, குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, தம் பழைய காவற்காரச் சட்டையை அதற்கு மாட்டி, வெருளி ஆக்கிவிட்டார். கூலியில்லாமற் காவல் காக்கின்ற சேவகன். "நான் கூலி வாங்கிக் காத்தன், இவன் வாங்காமல் காக்கிறான்" என்பது அவரது பகிடி. புறாக்கள் சில நாட்களிலே வெருளியின் தோளிலேயே வந்து இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடிப்பிறப்புத் தோறும் மகள் வேலையால் வந்து கூழ் காய்ச்சுவார். பலாவிலைக்கு எங்கே போவது? ஓர் ஆண்டு பெரியவர் கீழே இறங்கிப்போய் மேப்பிள் இலை பறித்து வந்து, ஈர்க்குக்குப் பதிலாகப் பல்லுக்குச்சி குத்திக் கோலிப் பார்த்தாராம். எல்லாப் பக்கத்தாலும் ஒழுகியது. அடுத்த ஆண்டு அலுமினியத் தாளை மடித்தார். அது சுட்டது. பின்னர் கோப்பைகளுக்கே வந்துவிட்டார்கள். ஆனால் பாட்டிலே பலாவிலை இருக்கும்வரை பலாவிலையைப் பற்றிய பேச்சும் இருந்தது.

இவற்றையெல்லாம் நாம் அறிந்தது செத்த வீட்டுக்குப் பின்னர். வழக்கம்போல் நாம் கல்வெட்டை எழுதி முடித்து, தட்டெழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு, பிழை பார்ப்பதற்காக அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் வாழ்க்கை வரலாற்றிலே யாருடைய பெயர் விடுபட்டது, யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அது எந்தக் கல்வெட்டிலும் நடப்பது. பையன் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தான். தமிழிலே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். நெடுநேரம் வாசித்தான். பிறகு எம்மிடம் வந்து, மிகவும் பணிவாக, "ரீச்சர், இது நான் சொன்னது எண்டு போட்டிருக்குது. நான் இப்பிடிச் சொல்லேல்லையே" என்றான்.

எமக்கு வாய் எழவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லி வந்த வாய்.

"அப்ப நீர் என்ன சொல்லுவீர்?" என்று கேட்டோம்.

"தெரியாது. எழுதிப் பார்க்கட்டோ?"

பெரியப்பா முறையான ஒருவர் ஒப்பவில்லை. கல்வெட்டு என்பது நாலு பெரிய மனிதர் கைகளுக்குப் போவது, பிழைத் தமிழ் அச்சிலே வந்தால் குடும்பத்துக்கு அவமானம் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. ஊரை இழந்து, வீட்டை இழந்து, பிழையில்லாத தமிழ் ஒன்றாவது எஞ்சட்டும் என்று நினைக்கின்ற தலைமுறை அவருடையது. எமது தலைமுறையும் அதுதான். சிவப்பு மைப் பேனாவை இன்றும் கைப்பையிலே வைத்திருப்பவர்கள் நாம். ஆயினும் அன்று நாம் பையனின் பக்கமே நின்றோம். கவியரசர்கள் நிறைந்த நாட்டிலே ஒரு முதிய ஆசிரியர் தம் புலமையை ஒரு புறம் வைத்துவிட்டுப் பிள்ளையின் வாய்க்கு ஏற்ற சொல்லைத் தேடினார். நாமோ பிள்ளையின் வாயை மூடி அதன்மேல் எமது புலமையை ஒட்டுகின்றோம் என்று சொன்னோம். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம் போலும். பெரியப்பா எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார். முடிவைச் சொன்னவர் அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த பாட்டியார். "பிள்ளை எழுதட்டும். அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

மூன்று நாட்கள் கழித்துப் பையன் ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். வீட்டாரின் அனுமதியோடு அதன் ஒரு பகுதியை இங்கே தருகின்றோம். எழுத்துப் பிழைகளுள் இரண்டை மட்டும் திருத்தினோம், அவை பொருளை மாற்றிவிடும் என்பதனால்.

"தாத்தா செத்த நாள் எனக்கு கணக்கு சோதினை. அம்மா சோதினை முடியும் வரைக்கும் சொல்லேல்லை. நான் வீட்டை வந்து தாத்தாவுக்கு எத்தினை மார்க்ஸ் வரும் எண்டு சொல்ல போனன். கட்டில் காலி. தாத்தா எனக்கு தமிழ் பாட்டு சொல்லி தந்தவர். ஒரு சொல் விளங்காட்டி ட்ரெயின் ரெண்டு தரம் போகும். தாத்தா அழுது நான் பாக்கேல்லை. பாட்டில அம்மா கூழ் வாக்கிற இடம் வந்தா மட்டும் அவர் வெளியில பாப்பார். அவற்ற நீல சட்டை இப்பவும் பல்கனியில நிக்குது. தாத்தா அதுக்குள்ள இல்லை. புறா வந்தா நான் போய் கலைக்கிறன்."

நாம் இப்பகுதியை அச்சகத்திற்கு அனுப்பும்போது 'பேரப்பிள்ளைகள் புலம்பல்' என்ற தலைப்பை எடுத்துவிட்டுப் பையனின் பெயரை மட்டும் போட்டோம். மற்ற நால்வரும் அதைக் கண்டு, தாங்களும் எழுதுவோம் என்று ஆங்கிலத்திலே எழுதித் தந்தார்கள். அவையும் அச்சேறின. அந்தியேட்டி நாளன்று மண்டபத்திலே கல்வெட்டைக் கையில் வாங்கியவர்கள் வழக்கமாகப் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள். அன்று பலர் கடைசிப் பக்கங்களிலே நின்றதை நாம் கண்டோம். செத்த வீட்டிலே பாட்டைக் குறைகூறிய அம்மையாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு என்ன நினைத்தார் என்று நாம் கேட்கவில்லை. புத்தகத்தை மட்டும் கவனமாகக் கைப்பையினுள் வைத்துக்கொண்டார்.

பாட்டிலே கூழ் வார்க்கும் இடம் வந்தால் பெரியவர் ஏன் வெளியே பார்ப்பார் என்பதைப் பையன் எம்மிடம் கேட்டான். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவன் தாயார். நவாலியின் கதையை அவன் அறியும் வயதும் வந்துவிட்டது. தாயாரிடம் சொன்னோம். "சொல்லத்தான் வேணும் ரீச்சர், ஆடிப்பிறப்பு முடியட்டும்" என்றார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து மறுபடியும் தொலைபேசி. இம்முறை அழைத்தவர் அவர் அல்லர், அவருடைய தொலைபேசியிலே பையன். கூழுக்குப் பயறு எவ்வளவு, அரிசிமா எவ்வளவு, பனங்கட்டி எத்தனை குட்டான் என்று கேட்டான். பாட்டை முழுவதும் பார்த்தேன், அளவு ஒன்றும் இல்லை என்றான். உண்மைதான். புலவர் எல்லாவற்றையும் சொன்னார், அளவை மட்டும் சொல்லவில்லை; அது அந்தக் காலத்து அன்னையரின் கைக்குத் தெரிந்திருந்தது. நாம் எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். வறுத்துக் கோது நீக்கிய பயறு ஒரு சுண்டு, வறுத்த அரிசிமா ஒரு சுண்டு. அந்த மாவிலே பாதியைக் குழைத்து உருண்டை பிடிக்க வேண்டும், மீதியைக் கரைத்து வார்க்க வேண்டும். தேங்காய் இரண்டு, சிறிய பனங்கட்டிக் குட்டான் எட்டு, ஒரு சிட்டிகை உப்பு. தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் விடவேண்டும், விட்டபின் கொதிக்கக் கூடாது. பையன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினான்.

"சுண்டு எண்டால் எத்தினை கப், ரீச்சர்?" என்றான்.

ஒரு கோப்பையிலும் சிறிது கூட என்றோம். பின்னால் பாட்டியாரின் குரல் கேட்டது. தாத்தாவுக்கு இனிப்புக் கூடவேணும், இன்னும் ரெண்டு குட்டான் போடச் சொல்லு என்றார்.